புதன்கிழமைப் பை

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
4.3.1979

மச்சான் கனகசபைக்கு,

நாங்கள் நலம். நீயும் மார்க்கிரட்டும் லண்டன் குளிரில் நலமாகவே இருப்பீர்கள். உன்னைப் போன்றவர்களைக் குளிர் ஒன்றும் செய்யாது.

கையெழுத்தைப் பார்த்துவிட்டுத் தங்கச்சி எழுதியிருக்கிறாள் என்று சந்தோஷப்படாதே. எழுதுவது பூரணம், சொல்வது அவள் புருஷன் வல்லிபுரம். எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து ஒரு வருஷமாகிறது. பேப்பர் படித்துச் சொல்வதும் கடிதம் எழுதுவதும் அவள்தான். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும். நான் சொல்லப்போவது அப்படி இருக்காது.

இருபத்தொரு வருஷமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. சாகும்வரை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். போன வாரம் கிள்ளானிலிருந்து பேசில் என்று ஒருவர் வந்தார். பழைய கார் வைத்திருப்பவர்களின் சங்கத்துக்குச் செயலாளராம். "அங்கிள், ஃபிஃப்டி எய்ட்ல இங்கேர்ந்து லண்டன் வரைக்கும் மோரிஸ் மைனர் ஓட்டிட்டுப் போனாரே மிஸ்டர் கனகசபை, அவர் உங்க மச்சான்தானே? அவரைக் கூப்பிட்டு மரியாதை பண்ணணும் லா" என்றார். வருகிற ஜனவரியில் கிள்ளானிலிருந்து பினாங்குக்குப் பழைய கார்கள் வரிசையாகப் போகுமாம். முதல் காரில் நீ உட்கார வேண்டுமாம். "அந்தக் காரை ரெடி பண்ணுனது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்றார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

நீ மறந்திருப்பாய், நான் சொல்கிறேன். ஒன்றரை வருஷம் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வந்து, குவார்ட்டர்ஸ் பின்பக்கம் அந்த எஞ்சினை நட்டு நட்டாகக் கழற்றிப் பூட்டினேன். கப்பலில் காரை ஏற்றிச் சென்னை, அங்கிருந்து தரை வழியாக லண்டன், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுவது என்று பேச்சு. கப்பல் சனிக்கிழமை. பயணத்துக்கு நாள் நன்றாக இருந்தது புதன்கிழமை. வெள்ளி மேற்கே சூலம். எனக்கோ வெள்ளி மாலை வரை வேலை. ஆகவே நம் வழக்கப்படி பரஸ்தானம் வைத்தோம். நல்ல நேரத்தில் என் பையையும் குடையையும் பூரணத்திடம் கொடுத்துக் கிள்ளானுக்கு, உன் வீட்டுக்கு அனுப்பினேன். பை போய்விட்டால் ஆள் புறப்பட்டதற்குச் சமம் என்று நம்பி வேலைக்குப் போனேன். சனிக்கிழமை காலை துறைமுகத்துக்கு வந்தால் கப்பல் முதல் நாளே போய்விட்டது. கப்பல் ஒரு நாள் முந்துவதைச் செவ்வாய்க்கிழமையே உனக்குச் சொல்லிவிட்டதாகக் கப்பல் ஆபீஸில் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டவனுக்கு, கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவே சொல்லி அனுப்ப ஓர் ஆள் கிடைக்கவில்லையா? என் பையை ஏற்றிக்கொண்டாய், என்னை விட்டுவிட்டாய். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குத்தான் கழுத்தைத் தடவிப் பார்த்தேன்.

ஏன் அப்படிச் செய்தாய்? இந்த ஒன்றுக்குப் பதில் எழுது. மரியாதையெல்லாம் நீயே வைத்துக்கொள்.

இப்படிக்கு,
வல்லிபுரம்

*

டூட்டிங், லண்டன்
29.3.1979

அன்புள்ள வல்லிபுரம்,

உன் கடிதம் கண்டேன். கண்ணைப் பற்றி அறிந்து வருத்தப்பட்டோம். மார்க்கிரட் நர்ஸாக இருந்தவள். புரை எடுப்பது இப்போது பெரிய காரியமில்லை, தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

மற்றதை மூன்று தரம் படித்தேன். கேட்க வேண்டியவன் நான் அல்லவா? நீ எப்படி என்னைக் கேட்கிறாய்?

செவ்வாய் மாலை செய்தி வந்தது உண்மை. மறுநாள் காலை பூரணம் பையோடு வந்தாள். அவள் கையிலேயே சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'கப்பல் வெள்ளி பிற்பகல் மூன்று மணி. நாள் கீள் பார்க்காமல் வியாழனே வந்துவிடு.' எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. வெள்ளிக்கிழமை காரை வலையில் கட்டி மேலே தூக்கும்போதுகூட நான் அதைப் பார்க்கவில்லை. ஏணிப்படியில் நின்று நீ வருகிறாயா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சென்னைத் தபாலாபீஸில் பூரணத்தின் கடிதம் எனக்காகக் காத்திருந்தது. கடைசி நேரத்தில் நீ பயந்துவிட்டாய், வெளியே சொல்ல வெட்கப்படுகிறாய், இதைப் பற்றி உன்னிடம் ஒருநாளும் பேச வேண்டாம் என்று எழுதியிருந்தாள். நானும் பேசவில்லை. நீ எழுதாமல் இருந்ததை வெட்கம் என்றே எடுத்துக்கொண்டேன். எனக்கும் கோபம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

மணலில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போட இரண்டு இரும்புத் தகடு செய்து கொடுத்தாயே, அது இரண்டு ஆள் வேலை. ஒருவன் தகடு போட ஒருவன் ஓட்ட வேண்டும். குவெட்டா தாண்டிய பாலைவனத்தில் நானே போட்டு, நானே ஓட்டி, நானே இறங்கித் திரும்ப ஓடிப்போய்த் தகட்டை எடுத்தேன். ஒரு நாளில் நாற்பது தடவை. ஒவ்வொரு தடவையும் உன்னைத் திட்டினேன். ஸ்பிரிங் பட்டை உடைந்தபோது நீ எழுதித் தந்த நோட்டைப் பார்த்துத்தான் கட்டினேன். அப்போது திட்டவில்லை.

உன் பையைச் சென்னையில் திறந்தேன். இரண்டு வேட்டி, ஒரு சட்டை, திருநீற்று டப்பா. வேறொன்றும் இல்லை. குடை இன்றும் என் வீட்டு வாசலில் தொங்குகிறது.

கண்ணைப் பார்த்துக்கொள். பூரணத்துக்கும் உங்கள் மகள் குணபூசணி குடும்பத்துக்கும் எங்கள் அன்பு.

கனகசபை

*

பிரிக்பீல்ட்ஸ்
10.4.1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

பூரணம் எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் அண்ணி சுகத்துக்கும் கந்தசுவாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். இது அவர் சொல்லி எழுதுவது அல்ல. பாசாருக்கு மீன் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தபாலாபீஸில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை அவருக்குப் படித்தேன். பாதிதான் படித்தேன். அண்ணி சொன்னதைப் படித்தேன். மணலில் தகடு போட்டதைப் படித்தேன், அதற்குச் சிரித்தார். குடையைப் பற்றியும் படித்தேன். சீட்டையும் சென்னைக் கடிதத்தையும் நான் வாயில் எடுக்கவில்லை. அந்த இடத்தில் நானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டேன்.

சீட்டை அவரிடம் நான் கொடுக்கவில்லை அண்ணா. கிள்ளான் ஸ்டேஷனிலேயே கிழித்துப் போட்டேன். அவர் பயந்தார் என்று உங்களுக்கு எழுதியதும் பொய். அவரா பயப்படுவார்?

ஏன் என்று கேட்காதீர்கள். செய்தேன். இருபத்தொரு வருஷமாக அவர் உங்களைத் திட்டும்போதெல்லாம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். அது எனக்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்ணும் இல்லாத மனுஷருக்கு நான் ஒருத்திதான் துணை. அந்தத் துணையே இப்படி என்று தெரிந்தால் அவர் யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பார்?

நீங்கள்தான் விட்டுவிட்டுப் போனதாக ஒரு கடிதம் எழுதுங்கள். எப்படியும் உங்களைத்தான் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். புதிதாக உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

உங்கள் தங்கச்சி,
பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
16.4.1979

மச்சான் கனகசபைக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. இருபத்தொரு வருஷக் கேள்விக்கு 'ஏதோ அந்த நேரம் அப்படி நடந்துவிட்டது, இனி அதைப் பேசி என்ன' என்று ஒரே வரியில் பதில் எழுத உனக்கு எப்படி மனம் வந்தது? பூரணத்தை இரண்டாம் தரம் படிக்கச் சொன்னேன். இரண்டாம் தரமும் அதுவேதான் இருந்தது. கண் வைத்தியத்துக்கு ஒரு பத்தி, மணலுக்கு ஒரு பத்தி, எனக்கு ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய்.

நாற்பது தடவை தகடு போட்டாயா? நன்றாக வேண்டும். அந்தத் தகட்டில் கைப்பிடி வைத்தது நான். ஓட்டை போட்டது பாரம் குறைய. ராத்திரியில் கண்ணை மூடினால் அந்தப் பாலைவனத்தில் நான்தான் தகட்டை இழுத்துக்கொண்டு ஓடுவேன், நீ ஓட்டுவாய். போகாத இடத்தை இத்தனை வருஷம் கனவு கண்ட முட்டாள் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

போகட்டும். பேசில் மறுபடியும் வந்தார். முதல் காரில் உன் பக்கத்தில் எனக்கும் இடம் தருவாராம். உண்மையான காரணத்தை எழுது. பிறகுதான் உட்காருவதா இல்லையா என்று சொல்வேன்.

வல்லிபுரம்

*

டூட்டிங்
8.5.1979

பூரணத்துக்கு,

உறையில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். இது உனக்கு. மற்றது அவனுக்குப் படிக்க. நீ கேட்டபடியே எழுதியிருக்கிறேன்.

உன்மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத இந்தத் தாள் போதாது. பயந்தவன், கடைசி நேரத்தில் கைவிட்டவன் என்று என் சிநேகிதனை இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கல்யாணத்துக்குக்கூட அவனுக்கு அழைப்பு அனுப்பவில்லை. கூடப் பிறந்தவள் கையால் ஏமாந்தேன் என்பதை இந்த வயதில் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. மார்க்கிரட் "அவளுக்கு என்ன கஷ்டமோ, கேட்டுப் பாருங்கள்" என்கிறாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்தப் புதன்கிழமை, ரயிலில், பையைத் திறந்து பார்த்தாயா? சென்னையில் அதைத் திறந்தபோது, இருக்க வேண்டிய ஒன்று அதில் இல்லை. அவன் மனம் மாறி எடுத்துவிட்டான் என்று அப்போது நினைத்தேன்.

பதில் எழுது.

கனகசபை

*

டூட்டிங்
8.5.1979

அன்புள்ள வல்லிபுரம்,

இங்கு நலம், அங்கும் அப்படியே இருக்க வேண்டும்.

நீ விடமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. ஆகவே சொல்கிறேன். கப்பல் முந்தியது எனக்குத் தெரியும். வேண்டுமென்றே உனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேராகப் போனால் பேர் இரண்டாகப் பிரியும், ஒருவனாகப் போனால் எனக்கே வரும் என்று நினைத்தேன். இளமை, ஆசை. வேறென்ன சொல்ல? என்னை மன்னிக்க முடிந்தால் மன்னித்துவிடு. முடியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு. ஜனவரியில் வருகிறேன்.

கனகசபை

*

பிரிக்பீல்ட்ஸ்
2.7.1979

மச்சான்,

நலம். பதில் தாமதம். உன் கடிதத்தைப் பூரணம் படித்த அன்று நான் சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. அவள் பயந்துபோய்க் குணபூசணியைக் காப்பாரிலிருந்து வரச் சொல்லிவிட்டாள்.

நீதான் குற்றவாளி என்று இருபத்தொரு வருஷம் சொல்லிவந்தேன். நீயே ஒப்புக்கொண்ட பிறகு மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை. ஓர் இடத்தில் இடிக்கிறது. பேருக்காகவா? விக்டோரியா ஸ்கூலில் உனக்குக் கிடைத்த பரிசுப் புத்தகத்தில் உன் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக் கொடுத்தவன் நீ. லண்டன் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு பேப்பர்க்காரனைக்கூடக் கூப்பிடவில்லை என்று பேசில் சொல்கிறார். பேருக்கு அலைந்தவன் செய்கிற வேலையா இது?

இருந்தாலும் ஒப்புக்கொண்டாய். அதுவரைக்கும் சரி. மனுஷனுக்கு யாராவது ஒருவரைக் குற்றம் சொல்ல வேண்டியிருக்கிறது, அது பொய்யான ஆளாக இல்லாமல் இருந்தால் போதும்.

தீபாவளி முடிந்து கண் ஆபரேஷன். வாழ்க்கையில் எத்தனையோ துரோகம் பார்த்தேன், பூரணம் ஒருத்தி மட்டும் இல்லாவிட்டால் எப்போதோ போயிருப்பேன். இந்த வரியை எழுத மாட்டேன் என்று அழுகிறாள். எழுது என்று அதட்டியிருக்கிறேன்.

வல்லிபுரம்

*

பிரிக்பீல்ட்ஸ்
20.11.1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆண்டவன் கிருபையால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. இப்போது மங்கலாகத் தெரிகிறது. நடமாடுகிறார். எழுத்துப் படிப்பதற்குத் தடிக் கண்ணாடி வேண்டுமாம். மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு கடையில் அளவு கொடுத்திருக்கிறோம். பொங்கலுக்குப் பிறகுதான் வருமாம்.

உங்கள் கடிதங்களை எரித்துவிட வேண்டும் என்று எடுத்தேன். எரிக்க மனம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் உங்கள் எழுத்தென்று என்னிடம் இருப்பது இதுதான். பிஸ்கட் டின்னில் போட்டுக் கயிறு கட்டித் தையல் மெஷினுக்குக் கீழே வைத்திருக்கிறேன். கண்ணாடி வருமுன் குணபூசணி வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

அவர் அந்த வரியைச் சொன்ன அன்று நான் எழுதினேனே, பார்த்திருப்பீர்கள், மை கலைந்திருக்கும்.

பையைப் பற்றிக் கேட்டீர்கள். நீங்கள் வரும்போது பேசலாம். கேட்கிற உங்களுக்கும் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

பூரணம்

*

பிரிக்பீல்ட்ஸ்
2.1.1980

கனகசபைக்கு,

இது என் கையெழுத்து. கோணல் மாணலாக இருந்தாலும் நானே எழுதுகிறேன்.

சனிக்கிழமை பேசிலோடு கூட்டத்துக்குப் போகும் வழியில் மஸ்ஜித் இந்தியா கடையில் விசாரித்தோம். கண்ணாடி முன்னாலேயே வந்திருந்தது. பூரணம் காப்பாரில் மகள் வீட்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் நமது காரின் பழைய போட்டோவைத் தேடினேன். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்க ஆசை. தையல் மெஷினுக்குக் கீழே கயிறு கட்டிய டின் இருந்தது.

எல்லாவற்றையும் படித்தேன். நீ அவளிடம் சீட்டுக் கொடுத்தது, அவள் சென்னைக்கு எழுதியது, அவள் கேட்டு நீ எழுதிய பொய். ஒரு தரம் அல்ல.

நீ என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. அதற்கு நான் அழ வேண்டும். ஆனால் போகாதவன் போனேன் என்று எழுதிக் கொடுத்தாயே, எனக்கு இருந்த ஒரே கேள்விக்குப் பொய்யைப் பதிலாகத் தந்தாயே, அதை என்னவென்று சொல்ல? அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து குருடனுக்கு வழி காட்டினீர்கள்.

அவளைப் பற்றி எழுதக் கை வரவில்லை. என் கையைப் பிடித்து நடத்தியவள், சோற்றில் மீன் முள் பார்த்து எடுத்து வைத்தவள். ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் அவள் முன்னால் உட்கார்ந்துதான் உன்னைத் திட்டுவேன். சீட்டை மறைத்த கை காப்பியை நீட்டும், நான் வாங்கிக் குடிப்பேன். சீனி போதுமா என்று கேட்பாள்.

பையில் இருந்தது இல்லாதது பற்றி நீ ஏதோ எழுதியிருக்கிறாய். அது பழைய கதை, இப்போது வேண்டாம்.

கண்ணாடி வந்ததை அவளிடம் சொல்லவில்லை. சட்டைப் பைக்குள் வைத்திருக்கிறேன். ஒன்று செய்யப்போகிறேன், நீ உதவ வேண்டும். கார் ஊர்வலம் 26ஆம் தேதி, சனிக்கிழமை. 23 புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. அதே மாதிரி பரஸ்தானம் வைத்து, பையை அவள் கையில் கொடுத்து அனுப்புவேன். நீ பண்டமாரானில் பேசில் வீட்டில்தானே தங்கப்போகிறாய். அவளிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாதே. "வல்லிபுரம் வர்றானா?" என்று மட்டும் கேள். சனிக்கிழமை நேரம் மாறிவிட்டது, வெள்ளியே புறப்படுகிறோம் என்று ஒரு சீட்டையும் எழுதிக் கொடு. அது என் கைக்கு வருகிறதா என்று நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவள் என்னிடம் கொடுத்தால் அவளை மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். கொடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை.

வல்லிபுரம்

*

பண்டமாரான், கிள்ளான்
23.1.1980

வல்லிபுரம்,

சுகமாக வந்து சேர்ந்தேன். மார்க்கிரட் வரவில்லை.

பூரணம் காலை ஒன்பதரைக்கு வந்தாள். பையை வைத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்க்கிறாள், ஆனாலும் அழவில்லை. நீ சொன்னபடியே கேட்டேன். "வருவார்" என்றாள். சீட்டை நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு, "இது அவர் சொல்லி எழுதினதா அண்ணா?" என்று கேட்டாள். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. மடித்து என்னிடமே திருப்பித் தந்துவிட்டாள். அவள் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்து, உன்னிடம் சேர்க்கச் சொல்லிவிட்டுக் காப்பார் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். பேசில் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் திட்டத்துக்கு நான் உடன்பட்டிருக்கக் கூடாது. அன்றைய திட்டத்துக்கும்தான்.

கனகசபை

*

பிரிக்பீல்ட்ஸ்
22.1.1980

குணபூசணியின் அப்பாவுக்கு,

தேக சுகத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். இதைப் படித்துக்காட்ட நான் பக்கத்தில் இல்லை. சட்டைப் பையிலிருக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீங்களே படியுங்கள்.

நான் காப்பாரிலிருந்து திரும்பிய அன்றே தெரியும். உங்கள் மூக்கின் இரண்டு பக்கமும் சிவந்த தடம் இருந்தது. டின்னில் கட்டியிருந்த கயிறு பட்டறை முடிச்சாக இருந்தது. எனக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியாது. மூன்று வாரமாகப் பேப்பரை என்னிடம் நீட்டி "படி" என்றீர்கள். நான் படித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

நான் செய்தது சரி என்று எழுதவில்லை. உங்கள் சிநேகிதத்தை அறுத்தேன், நீங்கள் ஆசைப்பட்ட பயணத்தைக் கெடுத்தேன். தெரிந்தே செய்தேன். ஆனால் நீங்கள் டின்னில் படித்தது மட்டும் கதை இல்லை.

அந்தப் புதன்கிழமை நீங்கள் பையைக் கொடுக்கும்போது, "பரஸ்தானப் பை, வழியிலே திறக்காதே, பயணத்துக்கு ஆகாது" என்றீர்கள். ரயிலில் குணபூசணி மடியில் இருந்தாள், மூன்று வயது. விபூதி டப்பாவை வைத்தோமா என்று ஒரு சந்தேகம் வந்தது. அதற்காகத்தான் திறந்தேன். வேட்டிக்கு அடியில் உங்கள் சீனியர் கேம்பிரிட்ஜ் சான்றிதழ், பிறப்புப் பத்திரம், பட்டறை துரை எழுதிக் கொடுத்த நற்சாட்சி, ஒரு டஜன் போட்டோ. என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று அண்ணா எழுதிய தாளும் கூடவே இருந்தது. அதன் கடைசி வரி எனக்கு இன்றும் பாடம். 'இரண்டு பேருக்கும் அங்கே வேலை நிச்சயம். பூரணத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு எழுதிக்கொள்ளலாம்.'

ஆறு மாதத்தில் திரும்பி வருவேன் என்று என் தலையில் கைவைத்துச் சொல்லியிருந்தீர்கள். கிள்ளான் வரும் வரைக்கும் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். என் புருஷனும் என் கூடப்பிறந்தவரும். யாரிடம் போய்ச் சொல்வது? உங்களைக் கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பீர்கள், நானும் நம்பியிருப்பேன், திருநீறு பூசி அனுப்பியிருப்பேன். ஆகவே கேட்கவில்லை.

பத்திரங்களை எடுத்து என் சேலைப் பெட்டிக்கு அடியில் வைத்தேன். அவை கப்பலோடு போய்விட்டதாக நீங்கள் நினைத்தீர்கள். பட்டறையில் பதவி உயர்வுக்குச் சான்றிதழ் கேட்டபோது, எழுபத்தொன்றாம் வருஷ வெள்ளத்தில் போய்விட்டது என்று ஆபீஸில் சொன்னீர்கள். என்னிடமும் அதையே சொன்னீர்கள். நான் பெட்டிமேல் உட்கார்ந்துதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்காவது உண்மையைச் சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்கள் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அண்ணாவை இத்தனை வருஷம் துரோகி என்றீர்களே, ஒரு தடவையாவது வாய் தடுக்கும் என்று காத்திருந்தேன். தடுக்கவே இல்லை.

நாளைக்கு நீங்கள் கட்டித் தரும் பையை ரயிலில் மறுபடியும் திறப்பேன். வேட்டிக்கு அடியில் அந்தப் பத்திரங்களை அன்றிருந்தபடியே வைப்பேன். அண்ணா எழுதிய தாளும் இருக்கும். குடையை அவர் கொண்டுவந்திருப்பார். எல்லாம் சேர்ந்துவிடும்.

அரிசி டின் நிறைய இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து கண்ணாடி அலமாரியில், நீலக் குப்பி. நான் குணபூசணி வீட்டில் இருக்கிறேன்.

சனிக்கிழமை அண்ணாவோடு புறப்படுங்கள். பினாங்கு வரைக்கும்தான் என்று பேசில் சொல்கிறார். இருக்கட்டும். திரும்பி வருவதா இல்லையா என்பதை மட்டும் இந்த முறை போவதற்கு முன்னாலேயே என்னிடம் சொல்லிவிடுங்கள்.

பூரணம்